ரெம்ருவாத்தியின் கல்யாணக் காரை ஓட்டப்போவது யார்?

ஐஸால்,
வெள்ளிக்கிழமை.

சம்பாயில் வாழும் என் மதிப்பிற்குரிய அண்ணன் தங்லியானா அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கு நானும் என் மனைவி ஸுவாலியும், எங்களோடு தங்கியிருக்கும் மணப்பெண்ணாகிய உங்கள் மகளும் நலம். உங்கள் நலத்துக்கும் நெல்வயலுக்கும் ஜெபிக்கிறோம்.

அண்ணா, ரெம்ருவாத்தியைச் சர்ச்சுக்கு அழைத்துப்போகும் காரை நம் அக்கா மகன் கிமா ஓட்டட்டும் என்று நீங்கள் சொல்லியனுப்பினீர்களாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையில்லாத எனக்கு அவள்தான் பிள்ளை. இங்கே எங்கள் வீட்டில் தங்கிப் படித்தபோது பள்ளிக்கூடத்துக்கு என் ஸ்கூட்டரில் போனவள், கல்யாணத்துக்கு இன்னொருவன் காரிலா போவாள்?

போன சனிக்கிழமை நடந்ததைக் கிமா கண்ணும் காதும் வைத்துச் சொல்லியிருப்பான். உண்மை இதுதான். சர்ச்சுக்குப் போகும் இறக்கத்தில் காரை நிறுத்தினேன், கை பிரேக்கைப் போட்டேன், சக்கரத்தைச் சுவர்ப்பக்கம் ஒடித்தேன், டிக்கியில் எப்போதும் வைத்திருக்கும் என் கல்லை எடுத்து முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன், ரிவர்ஸ் கியர் மட்டும் போடவில்லை, கல் இருக்கும்போது கியரைச் சிரமப்படுத்துவானேன் என்றுதான். அன்று பார்த்துத் தெருவைக் கூட்டும் பொதுவேலை நாள். இளவட்டங்கள் குப்பையோடு குப்பையாக என் கல்லையும் அள்ளிப்போய்விட்டார்கள், அதுவும் எவ்வளவு பணிவாக, "மன்னிச்சுக்கங்க பெரியவரே, தெருவுல கல்லு கிடந்துச்சு"ன்னு சொல்லிட்டு. என் கை பிரேக்கோ வயசானது. கார் மெல்ல நகர்ந்து சுவரில் சாய்ந்து நின்றது. ஒரு விளக்குதான் போச்சு. சக்கரத்தை ஒடித்து வைத்ததால்தானே சுவரோடு போச்சு, இல்லாட்டி பள்ளத்துக்கில்ல போயிருக்கும்? இதைப் பாராட்டாமல் கிமா சொல்கிறான்: "மாமா வண்டிய ஓட்டுறது மாமா இல்ல, அந்தக் கல்லு."

சரி, மேடும் பள்ளமும் வேண்டாம். சமதளத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. மலைச்சரிவில் சாலைக்குக் கீழே கட்டிய எங்கள் வீட்டு மொட்டைமாடி சாலைக்கு நேர்மட்டம், இப்போது கார் அங்கேதான் நிற்கிறது. பிரேக், கியர், குப்பையிலிருந்து மீட்டு வந்த என் கல், எதுவும் போடவில்லை. சமதளத்துக்கு எதற்கு? இந்த நிதானத்தைப் பார்த்து உங்கள் முடிவை மாற்ற வேண்டுகிறேன்.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். ஏற்றத்திலும் இறக்கத்திலும் கர்த்தர் உங்களைத் தாங்குவாராக.

அன்புத் தம்பி,
சைலோவா

பி.கு.: இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சம்பாய் சுமோ வண்டி கிளம்புவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். மழைத்தண்ணீர் தொட்டிக்கு ஓட வேண்டும் என்று மாடிக்குக் கொஞ்சம் வாட்டம் வைக்கச் சொன்னது நான்தான். கொத்தனார் நல்ல வேலைக்காரர். காரும் தண்ணீர் போன வழியே போய்த் தொட்டியை இடித்துவிட்டது. கீழே அடுப்படியில் முழங்கால் தண்ணீர். ஸுவாலி என்னோடு பேச மாட்டேன் என்கிறாள். ரெம்ருவாத்திதான் தண்ணீரை வாரி இறைத்துவிட்டு வந்து, "கிமா ஓட்டட்டும் சித்தப்பா. நீங்க பின்னாடி என் பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்கங்க. எனக்கு அன்னிக்குப் பயமா இருக்கும்" என்றாள். ஆகவே கிமாவே ஓட்டட்டும். நான் பின்சீட்டில் வருகிறேன், ஒரு கையில் அவள் கை, மடியில் என் கல்.