நாலு கண் போன்

போனின் முதுகில் இருந்த நாலு கேமராக் கண்களில் ஒன்று, மனைவியின் சுண்டுவிரல் நகத்தோடு கழன்று வந்துவிட்டது.

"என்னங்க, கண்ணு கையோட வந்துடுச்சு."

டிக்கெட் பரிசோதகர் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். கண் இருந்த இடத்தில் ஓட்டையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. வழவழவென்று வெறும் பிளாஸ்டிக்தான் இருந்தது. மனைவி பக்கத்துக் கண்ணையும் சுரண்டினாள். அதுவும் வந்தது.

"ஸ்டிக்கருங்க! ஒட்டி வச்சிருக்கான்! அப்ப மொத்த போனுமே டூப்ளிகேட்டுதான்."

"சுரண்டாதே, சுரண்டாதே. மிச்சமாவது இருக்கட்டும்."

இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிறவர் அவர். ஒருவன் கம்பியைப் பிடித்திருக்கிற விதத்தை வைத்தே அவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொல்லிவிடுவார். தன்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம். வீட்டில் அதை வாரம் இரண்டு தடவையாவது சொல்லிவிடுவார்.

மனைவி அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. அவள் வீட்டிலேயே துணி தைக்கிறவள். தைத்ததைப் படம் எடுத்து அனுப்பினால்தான் அடுத்த ஆர்டர் வரும். பழைய போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்துப் போனதால், ஆறு மாதம் மிஷினை மிதித்துச் சேர்த்த பணத்தை அவரிடம் கொடுத்து, செகண்ட் ஹேண்டில் நல்லதாகப் பார்த்து வாங்கி வரச் சொல்லியிருந்தாள்.

"திங்கட்கிழமை காலையில பள்ளிக்கூடச் சீருடைக்கு மாதிரிப் படம் அனுப்பணும்ங்க. அனுப்பலேன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடும்."

"இன்னைக்குச் சாயங்காலம் பணம் உன் கையில இருக்கும். என்னை யாருன்னு நினைச்சான் அவன்?"

சனிக்கிழமை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராகக் கடைக்குப் போனார். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய கடை. முதலாளி ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திறந்து கிடந்த ஒரு போனுக்குள் தலையை விட்டிருந்தார்.

"எங்கே உங்க சேல்ஸ்மேன்? சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர்?"

முந்தின நாள் அந்தக் கண்ணாடிக்காரர்தான் அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசி இந்த போனை விற்றவர். பணத்தை எண்ணி வைத்தபோது இரண்டு கையையும் கூப்பி, கண் கலங்க நன்றி சொன்னார். தொழிலில் இப்படி ஒரு பக்தியா என்று பரிசோதகரே அசந்து போயிருந்தார்.

"அவர் இனிமே வரமாட்டார் சார்," என்றார் முதலாளி, தலையை நிமிர்த்தாமல்.

அப்படியென்றால் வேலையை விட்டுத் துரத்தியாகிவிட்டது. முதலாளி நியாயஸ்தர்தான். பரிசோதகருக்குப் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

"இது போலி போன். பணத்தைத் திருப்பிக் கொடுங்க."

"தாராளமா கொடுக்கலாம் சார். ஆனா நாங்க கொடுத்த மாதிரியே திரும்பி வரணும். நாலு கண்ணோட கொடுத்தோம். நீங்க ரெண்டோட வந்திருக்கீங்க."

"யோவ், அது ஸ்டிக்கர்யா!"

"ஸ்டிக்கரா இருந்தாலும் எங்க ஸ்டிக்கர் சார்."

பரிசோதகர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சட்டம் பேசுகிறவனிடம் அவருக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

வீட்டுக்கு ஓடி, தையல் மிஷினுக்கு அடியில் முழங்காலிட்டுத் தேடினார். ஒரு கண் நூல் குப்பைக்குள் கிடைத்தது. இன்னொன்று மனைவியின் குதிகாலில் ஒட்டிக்கொண்டு காலையிலிருந்து வீடு முழுக்க நடந்துகொண்டிருந்தது.

"கொடுங்க, நான் ஒட்டறேன்," என்றாள் மனைவி.

"நீ தள்ளு. இதெல்லாம் கை நடுங்காத ஆளு செய்யணும்."

கை நடுங்கவில்லைதான். துணிக்குப் போடும் பசையைத் தடவி, இரண்டு கண்ணையும் கச்சிதமாக ஒட்டிவிட்டார். மனைவி போனை வாங்கி அவரையே ஒரு படம் எடுத்தாள். படம் கும்மிருட்டாக இருந்தது.

"என்னங்க, இருந்த ஒரே ஒரு நிஜக் கண்ணு மேலேயே ஒட்டிட்டீங்க."

பிய்த்து எடுத்து, காலி இடத்தில் ஒட்டினார். நிஜக் கண் மேல் பசை இழுபட்டது. ஈரத்துணியால் துடைத்தார், பரவியது. பெட்ரோலைத் தொட்டுத் தேய்த்தார், கண்ணாடி மங்கிப் போனது. அதற்குப் பிறகு எடுத்த படமெல்லாம் பனிமூட்டத்தில் எடுத்தது மாதிரியே வந்தது.

"இப்ப நாலு கண்ணும் இருக்கு. அது போதும்," என்று அடித்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முதலாளி விரலை வைத்துக் கண்களை எண்ணினார். "நாலு. சரியா இருக்கு சார்."

"அப்ப பணம்?"

"கையில இருந்தா இப்பவே கொடுத்துட மாட்டேனா? இந்த போன் வித்ததும் அந்தப் பணம் உங்களுக்குத்தான். உக்காருங்க." காலால் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

பரிசோதகர் உட்கார்ந்தார். ஒரு அம்மா வந்து கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். முதலாளி நிமிரவில்லை. அந்த அம்மா போய்விட்டார். ஒரு தம்பதி வந்தார்கள். அவர்களும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இப்படி வாயைத் திறக்காம இருந்தா எப்படிய்யா வியாபாரம் நடக்கும்?"

"எனக்குப் பேச்சு வராது சார். ரிப்பேர் மட்டும்தான் வரும்."

அடுத்த ஆள் வந்தபோது பரிசோதகரால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து நின்றார். சீருடையும் தொப்பையும் கணீரென்ற குரலும் சேர்ந்து வேலை செய்தன. பத்தே நிமிஷத்தில் ஒரு போன் விற்றுப் போனது. கம்பீரமாகக் கையை நீட்டினார்.

"அது வேற பார்ட்டியோட போன் சார். உங்க போன் வித்தாத்தான் உங்களுக்கு."

அரை நாள் லீவு முழு நாளாயிற்று. மூன்று போன், ஒரு சார்ஜர், ஒரு இயர்போன் எல்லாம் விற்றாயிற்று. நாலு கண் போனை மட்டும் யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் ஆக ஆக, மனைவியிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஒரு டிராயிங் வாத்தியார் உள்ளே வந்தார். விரலெல்லாம் பச்சைச் சாயம். பெட்டிக்குள் பார்த்து நேராக அந்த போனைக் காட்டினார்.

பரிசோதகர் ஒரு முடிவுக்கு வந்தார். விற்கலாம், ஆனால் பொய் சொல்லக் கூடாது.

"இந்த நாலு கண்ணுல எது எதுக்கு சார்?"

"ஒண்ணுதான் வேலை செய்யும். மிச்சம் மூணும் அழகுக்கு."

வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "படம் எப்படி வரும்?"

"மங்கலா வரும். பனி கொட்டற மாதிரி."

வாத்தியார் போனை வாங்கித் தெருவை ஒரு படம் எடுத்தார். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடடா! வாட்டர் கலர்ல வரைஞ்ச மாதிரி இருக்கே! இவ்வளவு உண்மை பேசற கடைக்காரரை என் வாழ்க்கையில பார்த்ததில்ல சார்."

பேரம்கூடப் பேசாமல் பணத்தை எடுத்து வைத்தார். போலியா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிச்சயமாகச் சொல்லியிருப்பேன் என்று பரிசோதகர் வீடு போய்ச் சேரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மனைவி பணத்தை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

"எப்படிங்க கொடுத்தான்?"

"ஒரே ஒரு அதட்டல். ஆடிப் போயிட்டான்."

"இந்தத் தடவை நானே போய் வாங்கிக்கறேன்," என்றாள் அவள். வாங்கியும் வந்தாள். திங்கட்கிழமை காலையில் படம் போனது, பத்து மணிக்குள் ஆர்டர் உறுதியானது.

அந்த மிதப்போடுதான் பரிசோதகர் அன்று பஸ் ஏறினார். நடுவில், ஜன்னல் ஓரமாக, சோடாபுட்டிக் கண்ணாடி உட்கார்ந்திருந்தது.

"டிக்கெட்!"

கண்ணாடிக்காரர் டிக்கெட்டை நீட்டினார். அது சரியாக இருந்ததில் பரிசோதகருக்கு இன்னும் ஆத்திரம். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"எல்லாரும் இந்த ஆளை நல்லாப் பார்த்துக்குங்க! போலி போனை நல்ல போன்னு சொல்லி எனக்கு வித்த சேல்ஸ்மேன் இவர்தான். முதலாளி நியாயஸ்தர், மறுநாளே வேலையை விட்டுத் தூக்கிட்டார். மனசாட்சி இருக்கிறவன் தெரிஞ்சே ஒரு போலியை அடுத்தவன் தலையில கட்டுவானா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன் சீட்டு அம்மா உச்சுக் கொட்டினார். கண்டக்டர் விசில் ஊதுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

கண்ணாடிக்காரர் பரிசோதகரை அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"நான் எங்க சார் அங்க வேலை பார்த்தேன்? அந்த போனைத் திருப்பிக் கொடுக்கப் போய் நாலு நாள் அங்கேயே உக்காந்து கிடந்தவன் நான். ஆமா, நீங்க அதை யார் தலையில கட்டினீங்க?"