அறுபத்தைந்து முத்தமும் நின்றுபோன நீரூற்றும்

ஜெனீவா
புதன் இரவு, போர்வைக்குள்ளிருந்து

மதிப்புக்குரிய ஒர்தான்ஸ் அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் பெரின் பணிவோடு எழுதுவது. நீங்களும் அர்மான் மாமாவும் மாமாவின் முழங்காலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், அப்பா சுகம். நான் சுகமாக இல்லை, ஆனால் காய்ச்சல் எதுவும் கிடையாது. டார்ச் விளக்கைப் பல்லில் கடித்தபடி எழுதுகிறேன். தாளில் ஈரம் தெரிந்தால் அது கண்ணீர் என்று நினைத்துக் கலங்க வேண்டாம், எச்சில்தான். என் போன் ராத்திரியில் சமையலறை இழுப்பறைக்குள் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம், அந்த இழுப்பறையோ திறந்தால் ஊரையே எழுப்பும். அதனால்தான் கடிதம். விடிந்ததும் சைக்கிளில் வந்து, நீங்கள் டிராம் பிடிக்கக் கிளம்புவதற்குள் உங்கள் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போவேன்.

அத்தை, நாளைக் காலை நீங்கள் அலுவலகத்தில் தபால் பையைப் பிரிக்கும்போது, நம் ஏரி நீரூற்றின் படம் போட்ட அட்டை ஒன்று அப்பா பெயருக்கு வரும். பின்பக்கம் இருபத்திரண்டு கையெழுத்து இருக்கும். மேலதிகாரி பார்ப்பதற்குள் தயவுசெய்து அதைக் கிழித்துவிடுங்கள். கிழித்தால் ஒட்டவைத்துவிடுவார்கள் என்று தோன்றினால் தின்றுவிடுங்கள். வண்டியே வராத தெருவில்கூடப் பச்சை விளக்கு விழும்வரை நிற்கிற உங்களிடம் போய் இப்படிக் கேட்கிறேனே என்று எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு முன்னால் நீரூற்றைப் பார்த்துக்கொண்டவர், மச்சான் கல்யாணப் படத்துக்காக ஐந்து நிமிடம் அதை நிறுத்தியதற்குச் சாக்கடைக் குழாய்ப் பிரிவுக்கு மாற்றப்பட்டார் என்று கிறிஸ்துமஸ் விருந்தில் சொன்னது நீங்கள்தானே. அப்பாவுக்கு அந்தச் சின்ன அறையும், காற்றுமானியும், நீரூற்றை நிறுத்துகிற பெரிய சிவப்புப் பட்டனும் எவ்வளவு பிடிக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த வேலைக்கு அவரைச் சிபாரிசு செய்ததே நீங்கள்தான்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று மதியம் பள்ளி இல்லை. அப்பா மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். நீரூற்றுக்குப் போகிற கல்பாதையில் ஹாலந்து நாட்டுப் பாட்டுக்குழு ஒன்று நின்றிருந்தது. எல்லாரும் மஞ்சள் மழைக்கோட்டு, எல்லாரும் என் அப்பாவைவிட உயரம். அவர்கள் தலைவி வீப்கே அம்மாள் என்னைக் கூப்பிட்டு, நீரூற்றுக்குப் பக்கத்தில் போனால் நனைவோமா என்று கேட்டார். என் கன்னத்தில் லேசாகக் குளிர்காற்று பட்டது. நான் உதவி செய்யத்தான் நினைத்தேன் அத்தை, சத்தியமாக. "பீஸ் வருதுங்க, எல்லாரும் இந்தப் பக்கம் வந்து வரிசையா நில்லுங்க" என்றேன். நமக்குப் பீஸ் என்றால் முதலில் வடகிழக்கிலிருந்து வருகிற காற்று, அப்புறம்தான் கன்னத்தில் கொடுக்கிற முத்தம். அவர்கள் படித்த பாடப்புத்தகத்தில் காற்றே இல்லை போலிருக்கிறது. வீப்கே அம்மாள் முகமெல்லாம் மலர்ந்து, புத்தகப் பிரெஞ்சில், "எத்துணை அழகிய வரவேற்பு, மகளே, நாங்கள் ஆயத்தமாக உள்ளோம்" என்று குனிந்து கன்னத்தை நீட்டினார்.

நீட்டிய கன்னத்தை என்ன செய்வது? கொடுத்தேன். அவர்கள் ஊரிலும் நம்மைப் போல மூன்றுதானாம். அடுத்தவர் வந்தார், அவருக்கும் மூன்று. வரிசையாக நிற்கச் சொன்னதும் நான்தான், எனவே ஒருவர்கூடத் தப்பவில்லை. இடையில் "இல்லைங்க, நான் சொன்னது காத்து" என்றேன். அவர்கள் நான் கூச்சப்படுகிறேன் என்று சொல்லிச் சிரித்தார்கள். அப்போது அந்தப் பக்கமாக வந்த எங்கள் வகுப்பு மத்தியாஸ் பக்கத்துச் சின்னப் பாலத்தின் கம்பியில் சாய்ந்து, "என்ன பெரின், ஹாலந்து ராணியா ஆயிட்டியா? அடுத்த பஸ்ஸும் வந்துட்டிருக்கு, விட்டுடாதே" என்று கத்தினான். நாளைக்கு முழுப் பள்ளிக்கும் தெரிந்துவிடும், அது வேறு கதை. கடைசியாக, துடைப்பம் மாதிரித் தாடி வைத்த தாத்தா ஒருவர் வந்தார். அவர் மூன்றாவது முத்தத்துக்குக் குனிந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "போதும், நிறுத்துங்க" என்றேன்.

நீரூற்று நின்றுவிட்டது.

அத்தனை உயரத்துத் தண்ணீரும் சோர்ந்து, மடிந்து, ஏரிக்குள் விழுந்துவிட்டது. ஊரே அமைதியானதுபோல் இருந்தது. இருபத்திரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள், கை தட்டினார்கள். நான் செய்த பெரிய பாவம் இங்கேதான். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் குனிந்து வணங்கினேன். அவர்கள் நனையாமல் குழுப்படம் எடுத்துக்கொண்டார்கள், ஒரு பாட்டும் பாடினார்கள், நான்கு சரணம். பிறகு வீப்கே அம்மாள் இந்தப் பேருதவிக்கு யாருக்கு நன்றி எழுத வேண்டும் என்று கேட்டார். எனக்குப் பயம் வந்தால் வாய் உண்மையைத் தவிர வேறு எதுவும் பேசாது. அப்பாவின் முழுப்பெயர், பதவி, அலுவலக முகவரி, அஞ்சல் எண் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். நின்ற இடத்திலேயே எழுதினார்: "உங்கள் மகள் கையசைத்த உடனே எங்கள் படத்துக்காக நீரூற்றை நிறுத்திய உங்கள் பெருந்தன்மையை மறவோம்." ஒருவர் முதுகில் வைத்து ஒருவர் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மஞ்சள் தபால் பெட்டியில் அட்டை விழுந்தது. அவர்கள் போனதும் முழங்கைவரை கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். நாய் கூட்டிவந்த ஒரு பெண்மணி, "அது தபால் பெட்டிம்மா, கை கழுவுற இடமில்ல" என்றார். நம் ஊர்த் தபால் ஒரு நாளாவது தாமதமாகாதா என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன்.

அத்தை, அப்பாமீது துளிக்கூடத் தப்பில்லை. காற்று பலமாக அடித்தது, விதிப்படி நிறுத்தினார், அவ்வளவுதான். என் கைக்கும் அவர் பட்டனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பைபிளில் கை வைத்துச் சொல்வேன், ஆனால் அது வரவேற்பறையில் இருக்கிறது. அந்த அட்டையை மட்டும் இல்லாமல் செய்துவிடுங்கள்.

மாமாவின் முழங்காலுக்கு என் விசாரிப்புகள். உங்களுக்கு என்றும் நல்ல உறக்கமும் குறையாத ஆயுளும் கிடைக்கட்டும். வழக்கமான மூன்று முத்தங்களை இந்த ஒரு முறை எழுதாமல் விடுகிறேன், தவறாக நினைக்காதீர்கள்.

இன்னும் டார்ச்சைக் கடித்தபடி,
பெரின் ரோஷா

பி.கு.: தண்ணீர் குடிக்க எழுந்த அப்பா போர்வைக்குள் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார். கடிதத்தை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "காத்தா? எந்தக் காத்தும்மா?" என்றார். காற்றுமானி முள் பாதிகூட ஏறவில்லையாம். அறையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தாராம். "மஞ்சக் கோட்டுக்காரங்க வரிசையா உன்னைச் சுத்தி நிக்கிறாங்க. தாடிக்காரன் ஒருத்தன் உன் மூஞ்சிகிட்ட குனியறான், நீ ரெண்டு கையையும் தூக்கற. எனக்குக் கதவு எது, பட்டன் எதுன்னு தெரியல. கை போய் அமுக்கிடுச்சு." அப்புறம் நான் குனிந்து வணங்குவதைப் பார்த்ததும் திரும்ப உட்கார்ந்து, பதிவேட்டில் 'பலத்த காற்று' என்று எழுதிவிட்டாராம். ஆகவே மேலே அப்பாமீது தப்பில்லை என்று நான் சொன்ன வரிகளைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். காலையில் அவரே மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடுவாராம், குழாய்ப் பிரிவிலும் மனிதர்கள்தானே இருக்கிறார்கள் என்கிறார். நீங்கள் அட்டையைக் கிழிக்கவும் வேண்டாம், தின்னவும் வேண்டாம். ஒரு ஓரமும் மடங்காமல் எடுத்து வையுங்கள். இத்தனை வருஷத்தில் நீரூற்றுக்காரருக்கு நன்றி என்று யாருமே எழுதியதில்லையாம். குழாய்ப் பிரிவில் சுவர் இருந்தால் மாட்டிக்கொள்வாராம்.