நாற்றின் சாட்சியம்

மேகங்கள் கால் நீட்டிப் படுக்க இறங்கும் மலைமடியில் மஞ்சுநாடு என்றொரு நாடு உண்டு. அந்த நாட்டின் வழக்கம் விசித்திரமானது. எந்தச் சட்டம் போட்டாலும் அதற்கு இயற்கையிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். செடியோ பறவையோ பூச்சியோ, ஏதாவது ஒன்றைப் பேரவைக்குக் கொண்டுவந்து பித்தளைத் தொட்டியில் நிறுத்துவார்கள். அது பாட்டுக்கு நிற்கும். அது என்ன சொல்கிறது என்பதை அமைச்சர் எடுத்துரைப்பார். இயற்கையே சொல்லிவிட்ட பிறகு மனிதன் வாய் திறக்க என்ன இருக்கிறது?

ராஜா காலத்தில் தொட்டியில் வல்லூறு இருந்தது. அது எல்லார் முன்னிலையிலும் ஒரு புறாவைக் கிழித்துத் தின்றது. வலுத்தவனுக்கே நிலம் என்று சட்டம் வந்தது. உழுதவர்கள் ஒரே மழைக்காலத்தில் தெருவுக்கு வந்தார்கள். பிறகு மக்கள் பொங்கி எழுந்து, ராஜாவைப் பல்லக்கோடு தூக்கி மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு, நிலத்தைப் பொதுவாக்கினார்கள். நல்ல காரியம். கையோடு அந்தத் தொட்டியையும் உருக்கியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. புதிய ஆட்சியோ அதைப் பளபளவென்று துலக்கி, எல்லாம் எல்லாருக்கும் பொது என்பதற்குச் சாட்சியாக உள்ளே ஓர் எறும்புப் புற்றை வைத்தது.

உலகம்மை பேரவையின் சாட்சிக் காவல்காரி. எறும்புக்கு நொய் போடுவதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவள் வேலை. வல்லூறுச் சட்டத்தில் நிலத்தை இழந்த அவளுடைய அப்பா அந்த ஏக்கத்திலேயே கண்ணை மூடியவர். நிலம் பொதுவான அன்று வரப்பில் விழுந்து புரண்டு அழுதவள் அவள். ஆகவே அமைச்சர் அறவாழி ஒரு காலையில் பனியோடு பனியாக வந்து நின்றபோது, நம்ம ஆட்சிக்காரர் என்று மரியாதையாக எழுந்து நின்றாள்.

"ஒரே இனத்து நாற்றுகளுக்குள் போட்டி கிடையாது, அம்மையே. போட்டி என்பது வல்லூறுகள் கட்டிவிட்ட கதை. எனவே இனிமேல் ஒரே இடத்தில் சேர்த்து ஊன்றும் குத்துக்கு முப்பது நாற்று. ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து உயரும்."

"குத்துக்கு மூணு நாத்துதானய்யா வைப்பாக?"

"அது பழைய ஆட்சியின் சுயநலப் பழக்கம்."

அந்தப் பனியில் விளைவது பனிமிளகி என்ற ஒரே நெல்தான். அதன் விதை முழுவதும் உலகம்மையின் ஊரான கொண்டலூரில், அவள் கணவன் மாடக்கண்ணு காவல் காக்கும் குதிரில் இருந்தது. அது வீணானால் மறு ஆண்டு விதைக்க ஒரு மணி மிஞ்சாது. அறவாழி அவ்வளவையும் முப்பது முப்பதாக நடப்போகிறார். அதற்கு முன் முறைப்படி தொட்டியில் ஒரு குத்து நட்டுச் சாட்சி கேட்க வேண்டும்.

உலகம்மை அந்தக் குத்தைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தாள். நடுவில் இருந்த நாற்றுகள் முதலில் அழுகின. பிறகு சுற்றிலும் இருந்தவை மஞ்சளாகிச் சரிந்தன. மிஞ்சிய மூன்றில் தலைகாட்டியதும் பதர்தான். கண்டதைச் சொன்னால், இயற்கையே அடிதடிதான் என்று, பேரவையில் இன்னும் மிஞ்சியிருக்கும் ராஜா காலத்து வல்லூறுக் கட்சிக்காரர்கள் நிலத்தைக் கேட்டு வருவார்கள். சொல்லாவிட்டால் ஊர் பட்டினி.

விசாரணை நாளன்று பேரவைக்குள்ளும் பனி புகுந்திருந்தது. உறுப்பினர்கள் மார்புக்கு மேலே மட்டும் தெரிந்தார்கள். பேசியவர் ஓரிடம், குரல் வந்தது வேறோரிடம். அது கனவா நனவா என்று உலகம்மைக்கே பிடிபடவில்லை. அறவாழி குனிந்து, அழுகிய நெல்தாளில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"இருபத்தேழு நாற்றுகள், மூன்று நாற்றுகளுக்காக மனமுவந்து விலகிக்கொண்டன என்று சாட்சி தெரிவிக்கிறது."

"விலகல அய்யா, செத்துப் போச்சு!" உலகம்மை தன்னை மறந்து கத்திவிட்டாள். "வெளிச்சத்துக்கும் எருவுக்கும் அடிச்சுக்கிட்டுச் செத்துச்சு."

மூலையிலிருந்து பழைய வல்லூறுக் கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். "அப்படிச் சொல், தாயே! நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்!"

"நீங்க எதுக்குக் கை தட்டுதீக? நாத்து அடிச்சுக்கிட்டா எங்கப்பன் நிலம் உங்களுக்கா? நிலம் எல்லாருக்கும்னு நாங்க கேட்டது எறும்பைப் பாத்துட்டு இல்ல. எங்களுக்குப் பசிச்சுது, கேட்டோம். நெல்லு எப்படி வளரும்னு நெல்லைப் பாருங்க. மனுசன் எப்படிப் பொழைக்கணும்னு மனுசனைக் கேளுங்க."

பிறகு மஞ்சுநாட்டு வரலாற்றிலேயே முதன்முறையாக இரு கட்சிகளும் ஒன்றாகக் கை தூக்கி, அவள் பேச்சைக் குறிப்பிலிருந்தும் அவளை வேலையிலிருந்தும் நீக்கின.

விதை முழுவதும் முப்பது முப்பதாக நடப்பட்டது. ஒரு மாதம் வயல் பச்சைக் கம்பளமாகக் கிடந்தது. அதைப் படம் எழுதிச் சந்திகளில் மாட்டினார்கள். தை மாதம் கொண்டலூரார் பதரைத் தூற்றினார்கள். காற்று எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று. ஊர் காட்டுக்கிழங்கு தோண்டியது. அதுவும் தீர்ந்து, பொது உணவுக்கூடத்து வாசலில் வரிசை கட்டியது. மாடக்கண்ணுவின் விலா எலும்பு தெரியத் தெரிய, உலகம்மைக்குத் தாங்கமுடியாத ஆத்திரம் வந்தது. அவர்கள் மீது பாதி, ஒரு குத்து நாற்றைக்கூட மூன்று மூன்றாக ஒளித்து நடாத தன் மீது பாதி.

ஆனால் அறவாழி நன்றி கெட்டவரல்லர். அவள் சொன்னது அவர் மனதில் தங்கிவிட்டது. உணவுக்கூடங்களை மூடும் சட்டம் வந்தபோது அவர் பெருந்தன்மையோடு அறிவித்தார்: "மனிதனைக் கேட்கச் சொன்னார்களே, கேட்டுவிடுவோம். நம்முடையது மக்களாட்சி."

கொண்டலூரிலிருந்து மாடக்கண்ணுவை அழைத்துவந்து பித்தளைத் தொட்டியில் நிறுத்தினார்கள். மூன்று நாளாகச் சாப்பிடாதவன். விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆடினான். கூட்டத்தின் பின்னாலிருந்து உலகம்மை எட்டிப் பார்த்தாள். அவன் சபையைப் பார்த்து, தெளிவாக, இரண்டு முறை சொன்னான்:

"பசிக்குது. பசிக்குதுய்யா."

அறவாழி அவன் வாயருகே காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"பசிக்குதுன்னு சொல்லுதாரு! நம்ம பாசையிலதானய்யா சொல்லுதாரு!" என்று உலகம்மை அலறினாள்.

"சத்தம் போடாதீர்கள், சாட்சி மிரளும்" என்று காவலர்கள் அவள் வாயைப் பொத்தினார்கள்.

அறவாழி நிமிர்ந்தார். இரு கட்சிகளும் பனிக்குள் மூச்சை அடக்கிக் காத்திருந்தன.

"உதடு இருமுறை அசைந்தது" என்றார் அவர். "நம்மை வாழ்த்துகிறது."