வெள்ளிக்கிழமை நாற்காலி

ஒரு விடுகதை. அதற்குக் கால் கிடையாது, ஆனால் நாலு மாடி இறங்கும். காலி வயிற்றோடு போகும், நிறைந்த வயிற்றோடு திரும்பும். ஒரு வாய்கூடச் சாப்பிடாது. அது என்ன?

நிதானமாக யோசியுங்கள். எங்கள் அலெக்சாந்திரியாவில் இதைக் கேட்டால் பால்குடிப் பிள்ளைகூடச் சிரிக்கும். பால்கனிக் கூடைதான். கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினால் ரொட்டிக்காரர் ரொட்டி வைப்பார், கீரைக்காரி கீரை வைப்பாள். மேலே இழுக்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் வீட்டில் இழுப்பவன் நான். பெயர் ஷவ்கி. டிராமில் டிக்கெட் பரிசோதகர். நாள் ஒன்றுக்கு நானூறு பேர் என் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்கள். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் அந்த நானூற்றில் சேர்த்தியில்லை.

வெள்ளிக்கிழமை என்றால் எனக்குத் தொழுகை, பொரித்த மீன், பிறகு மகள் நிஹாலின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக் காப்பிக்கடை. நான் பகடை ஆடுவேன். எனக்காக அவள் உருட்டுவாள். ஒன்பது வயது. அவள் உருட்டினால் ஆறும் ஆறும் விழும். என் வாழ்க்கையில் இருந்த மொத்த ஆடம்பரம் அவ்வளவுதான்.

அதற்கும் வேட்டு வைத்தது பட்டறை. பழைய பருத்திக் கிடங்கு ஒன்றைப் பேட்டைக்காரர்கள் கூடிப் பொதுப் பட்டறை ஆக்கியிருந்தார்கள். யாரும் வரலாம், எந்தக் கருவியையும் தொடலாம், எதையும் செய்து பார்க்கலாம். என் மனைவி இன்ஷிராஹ் இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமைகளில் அங்கே ஈய மேசையில் உட்கார்ந்து, கம்பிகளைப் பற்றவைக்கச் சொல்லிக்கொடுத்து வந்தாள். திடீரென்று ஒரு வெள்ளி முதல் நிஹாலும் அவளோடு போக ஆரம்பித்துவிட்டாள்.

"காப்பிக்கடைக்கு வரியா கண்ணு?"

"அங்க எனக்கு என்னப்பா வேலை?"

"பகடை உருட்டலாமே."

"அது பாட்டுக்கு விழுது. பட்டறைல நான் செஞ்சாத்தான் நடக்குது."

கதவு சாத்தப்பட்டது. எங்கள் வீட்டில் கூடத்திலிருந்து பால்கனிக்குப் பதினோரு அடி. பால்கனியிலிருந்து சமையலறைக்கு ஒன்பது அடி. நாலு மணி நேரம் அதையே நடந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன். ஏற்கனவே சாவி கொடுத்த கடிகாரத்துக்கு மறுபடி சாவி கொடுத்தேன். தனியாகக் காப்பிக்கடைக்குப் போய் உருட்டினேன். ஒன்றும் இரண்டும் விழுந்தன. திரும்பி வந்து மறுபடி நடந்தேன்.

இப்படி ஆறு வெள்ளி. ஏழாவது வாரம் சபதம் எடுத்தேன். மகளை மீட்க வேண்டுமானால் எதிரியின் கோட்டைக்குள்ளேயே புக வேண்டும். கூடைக்கு மோட்டார் வைக்கப்போகிறேன். பொத்தானை அழுத்தினால் தானே இறங்கும், தானே ஏறும். நிஹால் வாயைப் பிளப்பாள். பிறகு வெள்ளிக்கிழமை என்னுடையது. இன்ஷிராஹ் வெள்ளியன்றுதானே போகிறாள்? நான் செவ்வாய் மாலை போவேன்.

பழைய காரில் கண்ணாடி துடைத்த மோட்டார் ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். ஈய மேசையில் உட்கார்ந்திருந்தது உம்மு ஹம்தி. எங்கள் வாசலில் கீரை விற்கிறாரே, என் கூடையை நாள்தோறும் நிரப்புகிறாரே, அவரேதான்.

"என்ன தம்பி, கூடைக்குப் பதிலா நீங்களே இறங்கி வந்துட்டீங்க?"

"இன்ஷிராஹ் காதுல விழக்கூடாதுங்க."

"நான் எதுக்கு அவகிட்டச் சொல்லப்போறேன்? கீரை ஆயவே நேரமில்ல எனக்கு."

நிம்மதியாக மோட்டாரை நீட்டினேன். "இதுல ரெண்டு கம்பியைக் கொஞ்சம் பத்தவச்சுக் குடுங்க."

உம்மு ஹம்தி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இங்க யாரும் யாருக்கும் செஞ்சு தர்றதில்ல தம்பி. நான் வாயால சொல்வேன், நீங்க கையால செய்யணும். நாளைக்கு நீங்க இன்னொருத்தருக்குச் சொல்லணும். முதல்ல கம்பியைச் சூடாக்குங்க. அப்புறம் ஈயத்தைக் கம்பில வைங்க. இந்தச் சூட்டு ஊசில வைக்காதீங்க."

ஊசியில் வைத்தேன். பல்லி முட்டை மாதிரி ஒன்று உருண்டது.

"இழுத்துப் பாருங்க."

கையோடு வந்தது. எட்டு ஒட்டு அப்படி வந்தது. ஒன்பதாவது வரவில்லை. பக்கத்தில் ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்த மருந்துக்கடைக்காரர் எட்டிப்பார்த்து, "பளபளன்னு இருக்கே" என்றார். இருபது வருடமாக டிக்கெட் பார்க்கிறேன். ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை.

அடுத்தடுத்த செவ்வாய்களும் போனேன். ஒருநாள் ரொட்டிக்காரர் தன் அடுப்பு விசிறியோடு வந்து திண்டாடினார். "முதல்ல கம்பியைச் சூடாக்குங்க" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் குரல்தான். அவருடைய விசிறி சுற்றியபோது, நானே சுற்றுவதுபோல் இருந்தது.

வீட்டில் கூடுதல் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன்.

"உங்க சட்டைல ஏன் ஈய வாசனை?" என்றாள் இன்ஷிராஹ்.

"டிராம்ல ஒருத்தர் ஈயம் கொண்டுவந்தார்."

"டிக்கெட் வாங்கினாரா?"

"வாங்கினார்."

"அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டாள். ஏமாந்துவிட்டாள், பாவம் என்று நினைத்தேன்.

ஏழாவது செவ்வாயில் வேலை முடிந்தது. உம்மு ஹம்தி சுவரில் இருந்த கரும்பலகையைக் காட்டினார். "முடிச்சாச்சுல்ல, பேரை எழுதுங்க. இதோ, இந்த இடத்துல." இன்ஷிராஹ் பெயருக்கு நேர் கீழே காலி இடம். அவளுடையதைவிடப் பெரிதாக எழுதினேன். மேலே பொடியெழுத்தில் என்னவோ இருந்தது. படிக்கவில்லை. டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாயா என்று நாள்தோறும் ஊரை அதட்டுகிறவன் நான்.

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட்டதும், பால்கனியில் திரையை விலக்கினேன். நிஹால் பொத்தானை அழுத்தினாள். கூடை முனகிக்கொண்டு இறங்கியது. உம்மு ஹம்தி ஒரு கட்டுக் கீரை வைத்தார். முனகிக்கொண்டு ஏறியது. எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. நிஹால் பதினான்கு முறை இறக்கி ஏற்றினாள். பிறகு குனிந்து ஒட்டைப் பார்த்தாள்.

"இது யாருப்பா வச்சது?"

"நான்தான்."

பிடித்து இழுத்தாள். வரவில்லை. "நல்லாருக்குப்பா" என்றாள். எனக்கு ஒரு சாண் உயரம் கூடியது. அந்த உயரத்திலேயே அறிவித்தேன்.

"இன்ஷிராஹ், அடுத்த வெள்ளிலேர்ந்து நிஹால் என்கூட வருவா."

"பட்டறைக்கா?"

"பட்டறைக்கு நான் எதுக்குப் போறேன்?"

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு ஈய மேசைல ஏழு பேர் உங்களுக்காகக் காத்திருப்பாங்களே, நிஹால் அப்பா. பலகைல எழுதியிருக்கீங்க, என் பேருக்குக் கீழ."

"அது வேலையை முடிச்சவங்க பட்டியல்."

"இல்ல, என் வெள்ளிக்கிழமை நாற்காலில அடுத்து உக்காரப்போறவங்க பட்டியல். தன் இடத்துக்கு ஒரு ஆளக் கொண்டுவராம யாரும் எழுந்திரிக்க முடியாது. ரெண்டு வருஷமா தேடறேன். எல்லாரும் கத்துக்கறாங்க, வெள்ளிக்கிழமைன்னு சொன்னா ஓடிடறாங்க."

"உம்மு ஹம்தி உன்கிட்டச் சொல்லமாட்டேன்னாங்களே."

"அவங்க சொல்லல. நான்தான் அவங்ககிட்டச் சொன்னேன். அவர் வருவாரு, மிரட்டிடாதீங்க, ஊசி நல்லதாப் பாத்துக் குடுங்கன்னு."

"நான் வருவேன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"ஆறு வாரமா நடந்து கூடத்துல தடமே விழுந்துடுச்சு. அந்தக் கால் வேற எங்க போகும்?"

பலகையை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். ஏழு பேரில் ரொட்டிக்காரரும் ஒருவராம். ஷவ்கிதான் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டாராம். அதன்பிறகு என்னால் அழிக்க முடியவில்லை.

"சரி, உக்காரறேன். ஆனா நிஹால் என்கூடதான்."

"அவளையே கேளுங்க. நான் கடற்கரைக்குப் போறேன். ரெண்டு வருஷத்துல முதல் வெள்ளிக்கிழமை. பட்டறைல அவ செஞ்ச படகு மிதக்குதான்னும் பாத்துடலாம்."

நான் மண்டியிட்டேன். "கண்ணு, மேசைல என் பக்கத்துல உனக்கும் ஒரு நாற்காலி. ஏழு பேருக்கும் நீதான் ஈயம் வெட்டிக் குடுப்ப. இழுத்துப் பாக்கறதும் நீதான். அப்பாவோட வரியா, அம்மாவோட போறியா?"

நிஹால் மோட்டாரை நிறுத்திவிட்டு, அம்மாவோடு போவதாகச் சொன்னாள்.