கந்தசஷ்டிக் கிழமையில் மான் வேட்டை

மல்வேர்ன், ஸ்காபரோ
12 ஒக்ரோபர் 1997

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரிய மச்சான் பத்மநாதன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கோணேஸ்வரியின் கணவன் பாக்கியராசா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். மிசிசாகாவில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் கோணேசர் துணை நிற்பாராக. கார் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்து சேரக்கூடிய மனுசனுக்கு இவன் ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறான் என்று யோசிப்பீர்கள். எங்கள் வீட்டுப் போன் குசினிச் சுவரில் இருக்கிறது. குசினியில் உங்கள் தங்கை இருக்கிறா. அதனால் பிளாசாவில் உள்ள டோனற் கடையில், சீனி போடாத கோப்பி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

விசயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒருக்கால் உங்கள் தங்கை கோணேசுக்குப் போன் எடுத்து, வாற மாதம் என்னை மான் வேட்டைக்குப் போக விடச் சொல்ல வேண்டும். இந்த உலகத்தில் அவ மறுபேச்சுப் பேசாத ஒரே ஆள் நீங்கள்தான். சிரிக்காதையுங்கோ மச்சான், முழுக்க வாசிச்சிட்டுச் சிரியுங்கோ.

என்னோடு பக்ரறியில் வேலை செய்கிற நீக்கிலாஸை உங்களுக்குத் தெரியும். மன்னார்க்காரர், எனக்கு முதலே இந்த நாட்டுக்கு வந்தவர். ஒவ்வொரு நவம்பரும் பக்ரறி வெள்ளைக்காரரோடு வடக்கே போய், காட்டுக்குள் ஒரு மரக் கொட்டிலில் ஒரு கிழமை தங்கி மான் வேட்டையாடுகிறவர். வசந்த காலத்தில் ஒருநாள் சாப்பாட்டு நேரம், இந்த வருசம் ஒரு இடம் காலியாக இருக்கு, வாறியளோ என்று கேட்டார். நான் உடனே ஓம் எண்டன். கலண்டர் பாக்கேல்லை, மனுசியைக் கேக்கேல்லை, ஓம் எண்டுபோட்டன். அவர் என்ரை முகத்தைப் பாக்கேல்லை, வயித்தைத்தான் பாத்தார். காட்டுக்குள்ளை ஏத்தமும் இறக்கமுமா நடக்கவேணும் அண்ணை, விழுந்த மானைத் தூக்கிக்கொண்டு வரவேணும், நீங்களும் விழுந்தால் எங்களுக்கு ரெண்டு சுமை எண்டு சொன்னார். சொன்ன விதம் மரியாதையாத்தான் இருந்தது. ஆனால் அண்டைக்கு எங்கள் கட்டடத்து லிப்ற் பழுதாகி, நான் மூன்றாம் மாடியில் படியில் குந்தியிருந்து மூச்சு வாங்கினபோது அந்தக் கதை எனக்கு நல்லாய் உறைச்சது.

அடுத்த நாளே பயிற்சி தொடங்கினன். சுமை தூக்கி நடந்து பழகவேணும் எண்டு நீக்கிலாஸ் சொன்னவர், அதுக்கெண்டு முதுகுப் பையும் இரும்புக் கட்டியும் ஆர் வாங்குறது? வீட்டில் ஒரு மூட்டை சம்பா அரிசி இருந்தது. அதைத் தோளில் வைச்சுக்கொண்டு படியால் மேலே ஏறிக் கீழே இறங்கினன். மேல்மாடியில் இருக்கிற கிளடிஸ் அன்ரி கதவைத் திறந்து பாத்திட்டு, தம்பி அரிசி வியாபாரம் தொடங்கியிட்டார் எண்டு முடிவு கட்டிப்போட்டா. சிவப்பரிசி இருக்கோ எண்டு கேட்டா. இல்லை அன்ரி, இது உடற்பயிற்சி எண்டு சொன்னன். அவ நம்பேல்லை. ரெண்டு நாளைக்குள்ளை கட்டடத்தில் பாதிச் சனம் விலை கேட்டு வந்திட்டுது. கடைசியில் அன்ரிக்கு நான் சொன்னது விளங்கினபோது நிலைமை இன்னும் மோசமாப் போச்சுது. தூக்கிறதுதான் நோக்கமெண்டால் ஏன் தம்பி சும்மா அரிசியைத் தூக்குறீர் எண்டு சொல்லி, தான் வாங்குற கடைச் சாமான் முழுவதையும் என்ரை தோளில் ஏத்தத் தொடங்கினா. லிப்ற் திருத்தின பிறகும் விடேல்லை. நான் மேலே போய்ச் சேர, ஐயோ தேங்காயெண்ணைப் போத்திலை மறந்துபோனன் எண்டு திரும்பவும் அனுப்புவா. எனக்குக் கிடைச்ச பயிற்சியாளர் அவதான், குறை சொல்லக்கூடாது. என்ரை மகள் தனுசியா சிநேகிதிகளோடு வரும்போது படியில் என்னைக் கண்டால், ஆரோ தெரியாத ஆளைப்போலை விலகிப் போறாள்.

அடுத்தது சாப்பாடு. கோப்பையில் சோற்றைக் குறைச்சு மரக்கறியைக் கூட்டு, சீனியை விடு, குரக்கன் சாப்பிடு, மீனும் கோழியும் அளவாய்ச் சாப்பிடு எண்டு நீக்கிலாஸ் சொன்னவர். இதில் என்ன கஷ்டம் எண்டு நினைப்பியள். உங்கள் தங்கையின் கையால் சாப்பிடுகிற ஆளுக்குத்தான் தெரியும். இரண்டாம்தரம் சோறு வேண்டாம் எண்டு நான் கையால் மறைச்ச அண்டைக்கு அவ அகப்பையை வைச்சிட்டுப் போனவ, மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. பிறகு ஒரு வழியாய்ச் சமாதானமாகி, வேலைக்குச் சலாட் கட்டித் தந்தா. பரவாயில்லை, மனுசி மாறியிட்டா எண்டு சந்தோசமாய்த் திறந்து சாப்பிட்டால், மேலே நாலு இலை, அதுக்குக் கீழே சோறு, சோற்றுக்குக் கீழே கோழிக் குழம்பு, இன்னும் கிண்டினால் அவிச்ச முட்டை. முழுக்கச் சாப்பிட்டு முடிச்சன். ஆறிப்போயும் நல்ல ருசி.

இருந்தும் உடம்பு இளைச்சது மச்சான். காற்சட்டை இடுப்பில் நிக்காமல் பெல்ற்றில் புது ஓட்டை போட்டன். அங்கேதான் பிழைச்சது. ஒரு கலியாண வீட்டில் நான் பாயாசமும் வேண்டாம், ரோல்ஸும் வேண்டாம் எண்டதைக் கிளடிஸ் அன்ரி கண்டிட்டா. பயிற்சிதான் எண்டு அவவுக்குத் தெரியும், ஆனால் பாயாசத்தை வேண்டாம் எண்ட தமிழனை அவ தன்ரை வாழ்நாளில் கண்டதில்லையாம். பாவம், சொல்லுறதில்லை, உள்ளுக்குள்ளை என்ன நோயோ வருத்தமோ எண்டு யாரிட்டையோ சொல்ல, அது மல்வேர்ன் முழுக்கச் சுத்தி அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பிளும் முந்திரிகைக் குலையும் நெஸ்ரமோல்ற்றும் மாரி பிஸ்கற்றும் கொண்டு குடும்பம் குடும்பமாய் வந்து, சாமி அறைப் பக்கம் பாத்துக் குசுகுசுத்துக்கொண்டு இருந்தினம். ஒருவர் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, இப்ப எல்லாத்துக்கும் மருந்து இருக்கு அண்ணை எண்டார். வருசக்கணக்காய் எனக்குப் பின்னால் திரிஞ்ச இன்சூரன்ஸ்காரர் போன் எடுக்கிறதையே நிப்பாட்டிப்போட்டார். நான் நல்ல சுகம் எண்டு காட்ட வேறை வழியில்லாமல், வந்த சனத்துக்கு முன்னால் இருந்து கோணேஸ் சுட்ட வடை அவ்வளவையும் சாப்பிட்டன். அதை இறக்க ஒரு கிழமை படி ஏற வேண்டியதாப் போச்சுது.

இவ்வளவும் தாண்டி வந்த எனக்குக் கடைசியில் குறுக்கே நிண்டது முருகன். கடைக்காரன் தந்த முருகன் கலண்டர் குசினியில் தொங்குது. போன மாதம் கோணேஸ் அதைப் புரட்டிப்போட்டு, கந்தசஷ்டி நவம்பர் முதலாம் திகதி சனிக்கிழமை தொடங்குது, நீங்கள் எண்டைக்கு வெளிக்கிடுறியள் எண்டு கேட்டா. அடுத்த நாள் ஞாயிறு எண்டன். சொல்லும்போதே என்ரை குரல் எனக்குக் கேக்கேல்லை. கலியாணம் கட்டின நாள் தொட்டு நான் சஷ்டி விரதம் விட்டதில்லை எண்டு உங்களுக்குத் தெரியும். அதோடு கோயிலில் சூரனைத் தூக்கி ஆட்டுற ஆக்களில் நானும் ஒராள்.

"வள்ளியம்மை மான் வயித்திலை பிறந்தவ," எண்டா கோணேஸ். "முருகனுக்கு விரதம் பிடிச்சுக்கொண்டு அவரின்ரை மாமியைச் சுடப் போறியளோ?"

முருகன் பெண் எடுத்ததே வேடர் வீட்டில், அவரே வேடனாய் வேசம் போட்டவர்தானே எண்டு நான் சொல்லிப் பாத்தன். வேசம் போட்டது பெண் பாக்க, மாமியைச் சுட இல்லை எண்டா.

நீக்கிலாஸிட்டைப் போய்த் தலையைச் சொறிஞ்சன். மாதா கோயிலுக்குப் போற வேதக்காரர் எண்டாலும் அவருக்கு விரதம் விளங்கும். ரெண்டாம் கிழமையும் மான் ஓடித்திரியும் அண்ணை, நாங்களும் நிப்பம், விரதம் முடிச்சுப் பாறணையும் பண்ணியிட்டு வாங்கோ எண்டு சிரிச்சார். நான் துள்ளிக்கொண்டு வந்து வீட்டில் சொன்னன். சஷ்டிப் பிரச்சினை தீர்ந்திட்டுது, இனி என்ன எண்டு நினைச்சன். அப்பவும் வேண்டாமாம். முதல் குளிர் எண்டா. அடுத்த நாள் கரடி எண்டா. பிறகு என்ரை நாரி, இடுப்பு நோகும் எண்டா. ஒவ்வொரு காரணத்துக்கும் நான் மறுமொழி சொல்லச் சொல்ல அவ புதுசு புதுசாய் எடுக்கிறா. துவக்குச் சுடப் பழக்கிற வேட்டை வகுப்புக்குப் போய்ச் சோதினையும் பாஸ் பண்ணியிட்டன். எனக்கு விளங்கேல்லை மச்சான்.

நான் ஏன் இப்படி ஒற்றைக்காலில் நிக்கிறன் எண்டு நீங்கள் கேப்பியள். இதைக் கோணேசுக்கு நான் சொல்லேல்லை, பழைய கதையெல்லாம் கிளம்பும் எண்டு பயம். எங்களுக்குக் காடு எண்டால் என்ன? செல் குண்டு விழுந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒளிக்கிற இடம். காட்டுக்குள்ளை நான் ஒருநாளும் நிமிர்ந்து நடந்ததில்லை. இங்கே வந்த பிறகு நான் கண்டது பஸ், பக்ரறி, திரும்பவும் பஸ். இந்த நாட்டில் காடு இருக்கு எண்டு ரீவியில்தான் தெரியும். ஒருக்கால், ஒரே ஒருக்கால், ஒருத்தருக்கும் பயப்படாமல் காட்டுக்குள்ளாலை நடக்கவேணும், நெருப்பு மூட்டித் தேத்தண்ணி வைச்சுக் குடிக்கவேணும், பிறகு வீட்டை வரவேணும். எனக்கு அது பெரிய ஆசை. மான் முன்னாலை வந்து நிண்டால் சுடுவனோ எண்டது எனக்கே தெரியாது.

ஆகையால் ஆறுதலாய் ஒருநாள் போன் எடுத்து, பாக்கியம் போகட்டும் பிள்ளை எண்டு ஒரு சொல் சொல்லிவிடுங்கோ. நான் எழுதினதாய் மாத்திரம் காட்டிக்கொள்ள வேண்டாம். மச்சாளுக்கு என் அன்பு. மருமக்கள் படிப்பிலும் உடம்பிலும் குறைவில்லாமல் வளரவும், உங்கள் புது வேலை நிலைக்கவும் கோணேசரையும், இப்ப என்னோடு கொஞ்சம் கோபமாய் இருக்கக்கூடிய முருகனையும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
பாக்கியராசா

பிற்குறிப்பு: மச்சான், போன் எடுக்க வேண்டாம். மேலே எழுதினதை எல்லாம் விட்டிடுங்கோ. கடிதத்தை மடிச்சுக்கொண்டிருக்க எதிர்க் கதிரையில் கோணேஸ் வந்து இருக்கிறா. டோனற் கடையில் உம்மடை மனுசன் தனிய இருந்து தலை குனிஞ்சு எழுதுறார் எண்டு கிளடிஸ் அன்ரி போய்ச் சொல்லியிருக்கிறா, உயில் எழுதுறன் எண்டு நினைச்சினமோ தெரியாது. எனக்குப் பொய் சொல்ல வராது. ஆருக்கு எழுதுறன், என்ன கேட்டு எழுதுறன் எண்டு சொல்லிப்போட்டன். கத்துவா எண்டு பாத்தால் கத்தேல்லை. என்ரை கோப்பியை எடுத்து ஒரு வாய் குடிச்சு, முகத்தைச் சுழிச்சு வைச்சிட்டு, மெதுவாய்ச் சொன்னா:

"துவக்கோடை காட்டுக்குள்ளை போற ஆம்பிளையைக் கதவடியிலை நிண்டு அனுப்பிறதுக்கு நான் இவ்வளவு தூரம் ஓடி வரேல்லை."

கரடியும் இல்லை, குளிரும் இல்லை, வள்ளியம்மையும் இல்லை. இதுதான் காரணம். எனக்கு இது ஏன் விளங்கேல்லை எண்டு என்னிலேயே வெக்கமாய் இருந்தது. பிறகு, உங்களுக்கு எழுதின அந்தக் காட்டுக் கதையை அவவுக்கும் சொன்னன். அவ கோப்பியைத் திரும்ப என்ரை பக்கம் தள்ளிவிட்டா.

"நீங்கள் மட்டுமோ ஓடினனீங்கள்?" எண்டா. "பிள்ளையின்ரை மற்றக் கையை ஆர் பிடிச்சது? துவக்கு வேண்டாம். காடு பாக்கிறதெண்டால் நானும் வாறன்."

அங்கேயே காசுப் போனில் நீக்கிலாஸைப் பிடிச்சன். அவர் சிரிக்கேல்லை. வேட்டை முடிஞ்சு எல்லாரும் வெளிக்கிட்ட பிறகு கொட்டில் சும்மா கிடக்கும், கதவுத் திறப்பைத் தாறன், ரெண்டு பேருமாய்ப் போய் இருந்திட்டு வாங்கோ எண்டார். ஆகவே மான் தப்பியிட்டுது, முருகனும் மாமியோடை நிம்மதியாய் இருக்கட்டும். உங்களிட்டை இனிக் கேக்கிறது ஒண்டுதான். மச்சாளிட்டை மேலதிகமாய்க் குளிர்ச் சப்பாத்து ஒரு சோடி இருந்தால் கொடுத்துவிடுங்கோ, கோணேசுக்கு ஏழாம் அளவு. கொஞ்சம் இறுக்கமாய் இருந்தாலும் பரவாயில்லையாம். இந்தமுறை மெதுவாய்த்தானே நடக்கப் போறம் எண்டு சொல்லுறா.