நுரையீரல் பாடம் முடித்தவர்கள்

நுரையீரல் பாடத்தை இப்போதுதான் முடித்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நர்சிங் கல்லூரி வாசலில், பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில் எங்கும் பார்க்கலாம். நீங்கள் ஒருமுறை மூச்சை ஆழமாக இழுத்தால் போதும், அந்தக் காற்று மூக்கில் சூடேறி, குரல்வளையைத் தாண்டி, மூச்சுக்குழலில் இறங்கி, இரண்டாகப் பிரிந்து, இன்னும் இன்னும் பிரிந்து, திராட்சைக் குலை மாதிரியான நுண்ணறைகளில் போய்ச் சேரும்வரை கூடவே வழி சொல்லிக்கொண்டு வருவார்கள். நீங்கள் கேட்டீர்களா? யார் கேட்டார்கள்!

என் அக்கா இந்த இனம். முதலாம் ஆண்டு. போன ஞாயிறு மாமா மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தார். அக்கா நாற்காலி போடவில்லை. உதரவிதானம் எப்படிக் கீழே இறங்குகிறது என்று அவர் வயிற்றைக் காட்டியே பாடம் எடுத்தாள். மாமாவுக்கு வயிறு கொஞ்சம் தாராளம்.

வறுத்த கடலையை மென்றுகொண்டிருந்த அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இருமலும் வரவில்லை, குரலும் வரவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பயப்படாதீங்கப்பா, குரல்வளை மூடி மூட லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்!"

"ஏதாவது செய்டி!" என்று அம்மா கத்தினாள்.

"இரும்மா. வலது கிளைதான் அகலம், நேராவும் இறங்கும். கடலை வலது பக்கம்தான் போகும்," என்று அப்பாவின் பின்னால் போய் இடது முதுகைத் தொட்டாள் அக்கா. புத்தகப் படத்தில் வலது நுரையீரல் நம் இடக்கைப் பக்கம்தானே இருக்கும்? படத்துக்கு ஏது முதுகு!

அப்பாவின் உதடு நீலமாகிவிட்டது. அம்மா அக்காவைத் தள்ளிவிட்டு, அப்பாவைக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அறைந்தாள். கடலை தரையில் உருண்டது. அப்பா மூச்சை இழுத்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"இத்தனை வருஷக் கோபத்தையும் தீர்த்துக்கிட்டியா?" என்றார் கரகரத்த குரலில்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

"இது உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள் அக்கா.

"நீதானேடி போன வாரம் பூரா சமையல்கட்டுல நின்னு ஒப்பிச்சே!"

ஆகவே இந்த இனத்தைப் பார்த்து ரொம்பவும் சிரிக்காதீர்கள். இதைப் படிக்கும்போதே உங்கள் கை நெஞ்சுக்குப் போய், எது வலது என்று பார்த்ததா? வீட்டில் யாரிடமாவது இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் துறுதுறுக்கிறதா? நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அவர்கள் மென்று விழுங்கி முடிக்கட்டும், அதுவரை பொறுங்கள்.