ஆகாசத்தின் மேல் ஒரு கேஸ்

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை.

கலவையில் வாழும் என் மரியாதைக்குரிய அக்கா சௌந்தரம் அவர்களுக்குத் தம்பி பஞ்சாட்சரம் வணங்கி எழுதுவது. தங்கள் முழங்கால் வலியும் மாமாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டுகிறேன். இங்கே யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், நம்பிவிடாதே. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், கலவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

விஷயம் உன் மருமகள், என் பொண்ணு ஹேமலதாவைப் பற்றி. அவளுக்கு ஸ்வீடன் தேசத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்ததல்லவா, அந்தச் சந்தோஷத்தில் நான் தோல் பதனிடுகிற டேனரியில் எல்லாருக்கும் மக்கன் பேடா கொடுத்தேன். அங்கே பிடித்தது சனி. என்னோடு சூப்பர்வைசராக இருக்கும் ரஃபி அகமது பேடாவை வாயில் போட்டுக்கொண்டே, "பாப்பா இன்னா படிக்குது?" என்றார். "வயசான நட்சத்திரங்களச் சுத்தி போர்வை மாதிரி கேஸ் இருக்குதாம் பாய், அந்த கேஸை ஆராய்ச்சி பண்ணுது" என்று அவள் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் சொன்னேன். டிரம் சுற்றுகிற சத்தத்தில் நட்சத்திரம் அவர் காதில் விழவில்லை. கேஸ் மட்டும் விழுந்தது. அடுப்புக்கும் கேஸ், கோர்ட்டுக்கும் கேஸ் என்று இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்தவன் எவனோ, அவன் நல்லாயிருக்கட்டும். சாப்பாட்டு நேரத்துக்குள், பஞ்சாட்சரம் பொண்ணு பழைய டேனரிங்க மேலெல்லாம் கேஸ் போடுதாம் என்று ஊரே பேசிவிட்டது.

முதலாளி தன்சீல் அகமது கூப்பிட்டனுப்பினார். தங்கமான மனுஷன், என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதினவர். "இன்னா பஞ்சாட்சரம், உம் பொண்ணு ஏதோ கேஸ் விஷயமா இறங்கியிருக்குதாமே?" என்றார். வாழ்த்துகிறார் என்று நினைத்து, "எல்லாம் உங்க புண்ணியம் முதலாளி" என்றேன். அவர் முகம் வெளுத்தது. எனக்கு அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா?

"எதுங்க மேல?" என்றார் முதலாளி.

"வயசானதுங்க மேலதாங்க. வயசானா ஊதிப் பெருத்து, சூடு கம்மியாயி, உள்ள இருக்கிறதையெல்லாம் வெளியில ஊதித் தள்ளுமாம்."

அவர் ஒரு தடவை தன் தொந்தியைப் பார்த்துக்கொண்டார். "தள்றதுல இன்னா இருக்குன்னு தெரிஞ்சிடுமா?"

"அக்குவேறா ஆணிவேறா தெரிஞ்சிடும். அமோனியா, அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே அந்த கேஸ், சயனைடு கூட இருக்குதாம்."

"சயனைடா? அரே, நாம அத தொட்டதே இல்லையேப்பா! கேட்டுக்குள்ள யார விட்டீங்க?"

"உள்ள வரவே வாணாங்க. தொலைவுல இருந்தே பாத்துடும். அந்த மூலக்கூறுங்கள்லருந்து வர்ற அலை எந்தப் பக்கமா அசையுதுன்னு பாத்து, அங்க காந்தப்புலம் எப்படியிருக்குன்னு கூட சொல்லிடும்."

"காந்தம் வேறயா!" என்று ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "ஐயோ முதலாளி, இது ஆகாசத்துல நடக்கறதுங்க" என்று பதறினேன். "கேஸ் ஆகாசத்துக்குத்தான் போவும், அது எனக்குத் தெரியாதா? பொண்ணு கேஸ விடணும், இல்லன்னா ஒண்ணாந்தேதியிலருந்து நீ வரவேணாம்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஹேமலதாவிடம், "கண்ணு, பேசாம பி.எட். படிச்சிட்டு இங்கேயே டீச்சராயிடேன்" என்றேன். அவள் கோபப்படவில்லை அக்கா, கோபப்பட்டிருந்தால் தேவலை. "நம்ம சூரியனும் ஒருநாள் இப்படித்தான் ஊதிப்போவும்ப்பா, அப்ப இன்னா ஆவும்னு தெரிய வாணாமா?" என்று கேட்டாள். "அதுக்கு முன்னாடி எனக்கு வேலை போயிடும்டி" என்றேன். அழுதுகொண்டே உள்ளே போய்ப் பெட்டியை அடுக்குகிறாள். இன்னும் மூன்று வாரத்தில் பிளேன். பொண்ணு படிப்பையும் விட மனசில்லை, சோத்தையும் விட முடியவில்லை. இந்த வயதில் என்னை எந்த டேனரிக்காரன் சேர்ப்பான்? அவள் உன் பேச்சைத்தான் கேட்பாள். நீ உடனே போன் போட்டு, அத்தைக்கு நெஞ்சு வலி, போகாதேடி என்று இரண்டு முறை முனகினால் போதும். இருமலும் சேர்த்துக்கொள். பாவம் என் தலையில் விழட்டும்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். உங்கள் வீட்டு மாடு கன்று எல்லாம் பெருக, குலதெய்வம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
கதி கலங்கிய உன் தம்பி,
பஞ்சாட்சரம்.

பி.கு.: இதைத் தபாலில் போட மனசு வராமல் இரண்டு வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன், அதற்குள் நிலைமை மாறிவிட்டது. இந்த நேரத்தில் என்னை நிறுத்தினால் கேஸ் வலுத்துவிடும் என்று ரஃபி பாய் முதலாளிக்கு யோசனை சொல்லியிருக்கிறார். வேலை நிலைத்தது. அதோடு முதலாளி தொட்டிகளுக்கெல்லாம் மூடி போட்டு, புகையைக் கழுவுகிற மிஷினையும் மாட்டிவிட்டார். பக்கத்து டேனரிக்காரர்களும் நமக்கேன் வம்பு என்று மாட்டுகிறார்கள். நேற்று வேலை முடிந்து வந்தபோது என் வீட்டுக்காரி வள்ளியம்மாள் சட்டையை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேலைக்குப் போவலியா?" என்று கேட்டாள். கல்யாணமான நாளாக அவள் என் பக்கத்தில் மூக்கைச் சுளிக்காமல் உட்கார்ந்தது நேற்றுதான் அக்கா. ஆகையால் நெஞ்சு வலி வேண்டாம். ஹேமலதா போகட்டும், எத்தனை வருஷமானாலும் படிக்கட்டும். ஸ்வீடனில் தொலைவிலிருந்தே கேஸைப் பார்க்கிற பெரிய மிஷின் இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் ஆம்பூர் இன்னும் துல்லியமாகத் தெரியும் என்று முதலாளியிடம் நானே சொல்லிவிட்டேன்.